குதிரையைக் கழிச்சுட்டு உட்காருங்க தாத்தா!

"தாத்தா, நீ வேணும்னே தோத்துட்ட!"

செஸ் பலகை இருக்கிற வீட்டில் கோடை விடுமுறை முழுக்கக் கேட்கிற குற்றச்சாட்டு இது. வில்லியனூர் மாட வீதியாக இருந்தாலும் சரி, பாகூர் ஏரிக்கரைக் கிராமமாக இருந்தாலும் சரி, கதை ஒன்றுதான். பேத்தியின் ராணி பாதுகாப்பில்லாமல் நிற்கிறது. தாத்தாவின் கை அதை நோக்கிப் போகிறது. பாதி வழியில் நின்று, எதற்கும் உதவாத ஒரு சிப்பாயை நகர்த்திவிட்டுத் திரும்புகிறது. பேத்தி அதைப் பார்த்துவிடுகிறாள். பத்து வயதுக் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஜெயித்த சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிற்பதில்லை.

இன்னொரு வகை, சித்தப்பா. இரக்கமே பார்க்க மாட்டார். நாலே நகர்வில் ராணியையும் பிஷப்பையும் கொண்டுவந்து 'செக்மேட்' வைத்துவிட்டு, "இதுகூடத் தெரியலையா?" என்று சிரிப்பார். மூன்று நாள் இப்படித் தோற்ற பிள்ளை நாலாவது நாள் பலகையை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடும். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனபோது ஆசை ஆசையாக வாங்கிய பலகைகளில் எத்தனை இப்போது கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றனவோ!

"செல்போன்ல ஆடட்டுமே, லெவல் ஒண்ணுல வெச்சா ஈஸியா இருக்கும்" என்பீர்கள். அங்கேயும் அதே நாடகம்தான். பல செஸ் ஆப்களில் ஆரம்ப லெவல் எப்படி இயங்குகிறது? பத்து நகர்வு புத்திசாலித்தனமாக ஆடும். திடீரென்று காரணமே இல்லாமல் ராணியைத் தூக்கிக் கொடுக்கும். அதாவது, ஆப்பும் வேணும்னேதான் தோற்கிறது. எதிராளி தானாக உளறும்வரை காத்திருந்தால் போதும் என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்கிறது.

இதற்கெல்லாம் மாற்றாக ஒரு பழைய வழி இருக்கிறது. பலசாலி தன் காய்களில் ஒன்றை ஆட்டம் தொடங்கும் முன்பே பலகையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிடுவது. அதற்குப் பிறகு இரக்கம் கிடையாது, நாடகம் கிடையாது. மீதியிருக்கும் காய்களை வைத்துக்கொண்டு ஜெயிக்கத்தான் ஆட வேண்டும். தெரு கிரிக்கெட்டில் சின்னப் பிள்ளையை 'ஒப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொள்வோமே, அது வேறு. அங்கே பிள்ளை அவுட் ஆனாலும் அவுட் இல்லை, ஆட்டத்தில் இருந்தாலும் கணக்கில் இல்லை. காய் கழித்து ஆடும்போது பிள்ளை முழுசாகக் கணக்கில் இருக்கிறது. தோற்றால் தோல்விதான். ஜெயித்தால் அது நிஜமான ஜெயிப்பு.

ஜப்பானில் இது பாடத்திட்டம்

இந்த வழக்கத்தை ஒரு முழுப் பாடத்திட்டமாகவே வைத்திருக்கிறவர்கள் ஜப்பானியர்கள். அவர்களுடைய சதுரங்கத்துக்குப் பெயர் ஷோகி. நம் சதுரங்கத்தின் தூரத்துச் சொந்தம். பலகை 9-க்கு 9 கட்டம், ஆளுக்கு 20 காய்கள். காய்களில் கறுப்பு வெள்ளை கிடையாது. எல்லாம் ஒரே நிறத்தில், ஒரு பக்கம் கூராகச் செதுக்கிய மரச்சில்லுகள். கூர்முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதை வைத்துத்தான் யாருடைய காய் என்று தெரியும். ஏன் இப்படி? வெட்டிய காய் செத்துப் போவதில்லை. வெட்டியவர் அதைக் கையில் வைத்திருந்து, தன் முறை வரும்போது காலியான கட்டத்தில் தன் ஆளாகவே இறக்கலாம். நேற்று எதிரி, இன்று நம் கட்சி. தமிழ்நாட்டு, புதுச்சேரி அரசியல் பார்த்தவர்களுக்கு இந்த விதி சட்டென்று புரிந்துவிடும்.

ஷோகியில் ஆளுக்கு ஒரே யானை, ஒரே பிஷப். அவற்றைத் தவிர, நேராக முன்னால் மட்டும் ஓடும் 'ஈட்டி' இரண்டு, குதிரை இரண்டு, வெள்ளித் தளபதி இரண்டு, தங்கத் தளபதி இரண்டு, ராஜா, 9 சிப்பாய்கள். புதிதாக வரும் பிள்ளையோடு குரு ஆடும்போது வித்தியாசத்துக்குத் தக்கபடி காய்களைக் கழிப்பார். சின்ன வித்தியாசம் என்றால் ஒரே ஒரு ஈட்டி. கொஞ்சம் பெரிதென்றால் பிஷப் அல்லது யானை. இன்னும் பெரிதென்றால் இரண்டும். அடுத்த படியில் ஈட்டிகளும் போகும், அதற்கும் அடுத்து குதிரைகளும். ஆறு காய் கழித்து உட்காரும் குருவிடம் ராஜா, நாலு தளபதிகள், வரிசையாகச் சிப்பாய்கள் மட்டும்தான் இருப்பார்கள். எட்டு, பத்து காய் கழிப்பதும் உண்டு. கழித்த காய் யார் கைக்கும் போகாது. அந்த ஆட்டத்தில் அது இல்லவே இல்லை. முதல் நகர்வு மட்டும் கழித்தவருக்கு.

இதில் அழகான விஷயம், எந்தக் காய் இல்லை என்பதே பிள்ளைக்கு எப்படித் தாக்குவது என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறது. ஆறு காய் கழித்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈட்டியும் குதிரையும் வழக்கமாக நிற்பது பலகையின் இரண்டு ஓரங்களில். அவை இல்லையென்றால் ஓரம் காவல் இல்லாத வேலி. எனவே பிள்ளைக்குக் கற்றுத்தரும் முதல் திட்டம் ஓரத் தாக்குதல். ஓரத்துச் சிப்பாயைப் படிப்படியாக ஏற்று. பின்னால் உன் ஈட்டி நேர்கோட்டில் இருக்கிறது. அதற்கும் பின்னால் யானையைக் கொண்டுவந்து நிறுத்து. சிப்பாய், ஈட்டி, யானை என்று மூன்றும் ஒரே வரிசையில் தள்ளும்போது, அந்தப் பக்கம் தாங்குவதற்கு ஆள் இல்லை. பிள்ளை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறது. குரு சும்மா இருக்க மாட்டார். தளபதிகளை ஓரத்துக்கு ஓட்டுவார், நடுவில் எதிர்த்தாக்குதல் கிளப்புவார். ஆனாலும் திட்டத்தைப் பிசகாமல் நடத்தினால் பிள்ளைக்கே வெற்றி. எதிரியின் பலவீனம் எங்கே என்று பார்த்து, அங்கே மூன்று ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போவது. தாக்குதல் என்றால் என்ன என்பதற்கு இதைவிட எளிய முதல் பாடம் இருக்க முடியாது.

சமமான ஆட்டத்துக்கு வந்த பிறகும் இதே பாடம் வேறு வடிவத்தில் தொடரும். தொடக்கக்காரர்களுக்குச் சொல்லித்தரும் பிரபலமான ஆரம்பத் தாக்குதல் ஒன்றில், யானைக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை ஏற்றி, அதன் பின்னாலேயே வெள்ளித் தளபதியையும் ஏணி ஏறுவதுபோல ஏற்றிக்கொண்டே போவார்கள். பெயர் 'போகின்'. யானை பின்னாலிருந்து தள்ளும், வெள்ளி முன்னால் கதவை உடைக்கும். யானை, பிஷப், வெள்ளி, குதிரை நாலும் சேர்ந்து தாக்க வேண்டும், தங்கங்களும் இன்னொரு வெள்ளியும் ராஜாவுக்குக் காவல் இருக்க வேண்டும் என்பது ஷோகிக்காரர்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கும் கணக்கு. ஒற்றை ஆளாகப் போன ராணி எப்படி மாட்டிக்கொள்ளும் என்பது செஸ் ஆடும் வீடுகளுக்குத் தெரியும். அதே ஞானம்தான்.

காய் கழிப்பது குருவுக்கும் சிஷ்யனுக்கும் இடையில் மட்டும் நடந்ததில்லை. மானப் பிரச்னையாகவும் ஆனது. மசுதா கோசோ என்ற ஹிரோஷிமா பக்கத்துப் பையன், 1932-ல் 13 வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பினான். அம்மா தையலுக்கு வைத்திருந்த அளவுகோலின் பின்புறம் தன் லட்சியத்தை எழுதிவைத்துவிட்டுப் போனான். மெய்ஜினுக்கு ஓர் ஈட்டியைக் கழித்துக் கொடுத்து, அப்படியும் ஜெயிக்க வேண்டும். மெய்ஜின் என்றால் ஷோகியின் மிக உயர்ந்த பட்டம் வைத்திருப்பவர். அவருக்கு ஒருவன் காய் கழித்துக் கொடுப்பதா? நம் ஊர்ப் பள்ளிக்கூடப் பையன் குகேஷுக்குச் சிப்பாய் கழித்துக் கொடுக்கிறேன் என்று சுவரில் எழுதியது மாதிரி.

24 ஆண்டுகள் கழித்து அது நடந்தது. 1956 ஜனவரியில் 'ஓஷோ' பட்டத்துக்கான போட்டி. (சாமியார் ஓஷோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) அந்தப் போட்டியில் அப்போது ஒரு கடுமையான விதி இருந்தது. ஒருவர் மூன்று வெற்றி முன்னால் போய்விட்டால், அடுத்த ஆட்டத்தில் பின்தங்கியவருக்கு ஈட்டியைக் கழித்துக் கொடுத்து ஆட வேண்டும். மசுதாவின் எதிரே இருந்தவர் ஓயாமா யசுஹாரு. அன்றைய மெய்ஜின். அதோடு இருவரும் ஒரே குருவின் சிஷ்யர்கள், ஓயாமா இளையவர். முதல் மூன்றையும் மசுதா வென்றார். நாலாவது ஆட்டத்தில் ஈட்டியைக் கழித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதையும் வென்றார். ஓயாமாவுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், காய் கழித்து வாங்குவது எப்போதும் சுகமான விஷயம் இல்லை என்பதும் புரியும். ஓயாமா அதோடு ஓய்ந்துவிடவில்லை. பிற்பாடு ஷோகியின் மாபெரும் பெயர்களில் ஒன்றாகத்தான் நிலைத்தார்.

மெட்ராஸில் அச்சான ஒரு குதிரை

'இதெல்லாம் ஜப்பான் கதை, நமக்கு எதுக்கு' என்று தோன்றலாம். காயை இழந்துவிட்டுத் தாக்கும் கலையைப் பற்றி நம் பக்கத்து மெட்ராஸில் ஒரு புத்தகம் 1829-லேயே அச்சாகியிருக்கிறது. எழுதியவர்கள் இரண்டு பேர். மெட்ராஸ்காரர் குலாம் காசிம், மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஜேம்ஸ் காக்ரேன். அந்தக் காலத்தில் மெட்ராஸும் ஹைதராபாத்தும் ஒன்றுக்கொன்று கடிதம் மூலமாகவே நகர்வுகளை அனுப்பி இரண்டு செஸ் ஆட்டங்கள் ஆடின. மெட்ராஸ் தரப்பை முன்னின்று நடத்தியவர் குலாம் காசிம். அந்த ஆட்டங்களும், 'முஸியோ கேம்பிட்' என்ற ஆரம்பத் தாக்குதலின் அலசலும்தான் புத்தகம்.

கேம்பிட் என்ற சொல்லின் மூலம் இத்தாலியச் சொல். அர்த்தம், காலை வாரிவிடுவது. ஒரு காயைக் கொடுப்பதுபோலக் கொடுத்து எதிராளியின் காலை வாருவது. முஸியோவில் கொடுப்பது சிப்பாய் இல்லை, முழுசாக ஒரு குதிரை. காய் கழித்து ஆடுவதில் குதிரையை ஆட்டத்துக்கு முன்பே எடுத்துவைக்கிறோம். இதில் அதே குதிரையை ஐந்தாவது நகர்வில், விலை பேசி விற்கிறோம்.

வீட்டில் பலகை இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை, ராஜாவுக்கு முன் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் ஏற்றுகிறது. கறுப்பும் அப்படியே. இப்போது வெள்ளை, ராஜா பக்கத்து பிஷப்புக்கு முன் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் ஏற்றி, 'வெட்டிக்கோ' என்கிறது. கறுப்பு வெட்டுகிறது. வெள்ளை ராஜா பக்கத்துக் குதிரையை பிஷப்பின் வரிசைக்கு முன்னால் குதிக்கவிடுகிறது. கறுப்பு, வெட்டிய சிப்பாயைக் காப்பாற்ற ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் ஏற்றுகிறது. வெள்ளை பிஷப்பை வெளியே எடுத்து, குறுக்காகக் கறுப்பு ராஜாவின் பக்கத்துக் கட்டத்தைப் பார்க்க வைக்கிறது. கறுப்பு அந்தச் சிப்பாயை இன்னும் ஒரு கட்டம் ஏற்றிக் குதிரையை விரட்டுகிறது. சாதாரண ஆள் குதிரையை நகர்த்துவார். முஸியோவில் குதிரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் 'காஸ்லிங்' செய்கிறார்கள். ராஜா ஓரத்துக்கு, யானை நடுவே. கறுப்பு குதிரையை வெட்டுகிறது, வெள்ளை ராணி அந்தச் சிப்பாயை வெட்டுகிறது.

இப்போது பலகையைப் பாருங்கள். வெள்ளைக்கு ஒரு குதிரை நஷ்டம். ஆனால் ராணி, யானை, பிஷப் மூன்றும் கிளம்பிவிட்டன. மூன்றின் பார்வையும் கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்தில், அந்தப் பக்கத்து பிஷப்புக்கு முன் இருக்கும் ஒரே கட்டத்தை நோக்கித்தான். ஆட்டத் தொடக்கத்தில் ராஜாவைத் தவிர வேறு யாரும் காவல் காக்காத கட்டம் அது. கறுப்போ இதுவரை ஐந்து நகர்வையும் சிப்பாய்களிலேயே செலவழித்திருக்கிறது. யானையும் குதிரையும் பிஷப்பும் ராணியும் இன்னும் வீட்டுக்குள் தூங்குகின்றன. கையில் காய் இருக்கிறது, களத்தில் ஆள் இல்லை.

குலாம் காசிம் பெயரில் இன்றும் செஸ் உலகம் குறிப்பிடும் ஒரு தாக்குதல் இருக்கிறது. காஸ்லிங்குக்குப் பதிலாக, அதே இடத்தில் ராணிக்கு முன் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் ஏற்றுவது. நடுப்பலகை வெள்ளையின் கையில், இன்னொரு பிஷப்புக்கும் வழி திறந்துவிடுகிறது. குதிரை போனால் போகட்டும். மெட்ராஸ் புத்தகம் வந்து ஐந்தாண்டுகள் கழித்து, 1834-ல் லண்டனில் நடந்த பெரும்போட்டியில் அலெக்ஸாண்டர் மெக்டோனல் என்ற ஆட்டக்காரர் அதே இடத்தில் இன்னொரு குதிரையை வெளியே எடுத்துவிட்டு முதல் குதிரையைக் கைவிட்டார். அந்த வகைக்கு இப்போது அவர் பெயர்.

அப்போது எதிரே உட்கார்ந்திருந்தவரின் குடும்பப் பெயரைக் கேட்டால் புதுச்சேரிக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். லா பூர்தொனே! 1746-ல் கடல்வழியாக வந்து மெட்ராஸைப் பிடித்து, அதை என்ன செய்வது என்று புதுச்சேரி கவர்னர் துய்ப்ளேக்ஸுடன் மல்லுக்கு நின்ற அதே லா பூர்தொனேயின் பேரன்தான் இந்த செஸ் வீரர். தாத்தாவின் சண்டையை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சண்டைகளின் தொடர்ச்சியாகத்தான் 1752-ல் பாகூரில் பிரெஞ்சுப் படை தோற்றது, 1760-ல் வில்லியனூர்க் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. பேரன் நிஜப் படைகளைவிட்டு மரப்படைகளோடு நிறுத்திக்கொண்டது புத்திசாலித்தனம். 1834-ல் அவரும் மெக்டோனலும் ஆடிய ஆட்டங்கள் மொத்தம் 85.

பேரன் லா பூர்தொனேக்குச் செஸ் குரு டெஷப்பெல். இவருக்கு ஒரு வினோதமான பிடிவாதம். யாரோடு ஆடினாலும் தன் காய் ஒன்றைக் கழித்துக்கொண்டுதான் ஆடுவார். அவர் வழக்கமாகக் கழித்தது எந்தச் சிப்பாய் தெரியுமா? ராஜா பக்கத்து பிஷப்புக்கு முன் இருக்கும் சிப்பாய். முஸியோவில் ராணியும் யானையும் பிஷப்பும் முறைத்துப் பார்த்தனவே, அதே பலவீனமான கட்டத்தில் இருக்கும் சிப்பாய். அதோடு முதல் நகர்வையும், சில சமயம் முதல் இரண்டு நகர்வுகளையும் எதிராளிக்கே கொடுத்துவிடுவார். 'வீட்டின் பலவீனமான ஜன்னலைத் திறந்தே வைக்கிறேன், நீயே முதலில் வா' என்கிற திமிர்! அந்த ஜன்னல் வழியாக வந்து வந்துதான் சிஷ்யர் குருவைத் தாண்டி வளர்ந்தார்.

19-ம் நூற்றாண்டில் செஸ் உலகம் முழுக்க இப்படிச் சிப்பாய், குதிரை, யானை கழித்து ஆடுவது சர்வசாதாரணம். போட்டிகளும் ரேட்டிங்கும் வந்தபின் வழக்கொழிந்துபோனது. வேடிக்கை என்னவென்றால், இப்போது கம்ப்யூட்டர் அதைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது. 'லீலா' என்ற செஸ் என்ஜின், தன் குதிரையைக் கழித்துக்கொண்டே ஆன்லைனில் ஆடுகிறது, கிராண்ட்மாஸ்டர்களையும் வேக ஆட்டங்களில் வீழ்த்துகிறது. வேணும்னே தோற்கிற லெவல் ஒன்று ஆப்பைவிட இது எவ்வளவோ மேல். போன் வைத்திருக்கும் அண்ணன்மார் முயன்று பாருங்கள். மானம் போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

வீட்டில் எப்படி?

டவுன் வரை பஸ் ஏற்றி, மாதக் கட்டணம் கட்டி, கோச்சிங் அனுப்ப எல்லா வீட்டாலும் முடியாது. பாகூர், வில்லியனூர் கொம்யூன் கிராமங்களில் பல பிள்ளைகளுக்கு வாய்த்த ஒரே கோச், வீட்டில் ஆடத் தெரிந்த ஒரு பெரியவர்தான். அவர் சரியான முறையில் உட்கார்ந்தால் போதும்.

பிள்ளை இப்போதுதான் காய் நகர்த்தக் கற்றிருக்கிறது என்றால் தாத்தா ராணியையே கழித்துவிடலாம். தொடர்ந்து மூன்று ஆட்டம் பிள்ளை ஜெயித்தால், ராணி திரும்பி வரும். பதிலுக்கு யானை போகும். பிறகு குதிரை. கடைசியில் டெஷப்பெல்லின் சிப்பாய். யானை, குதிரை இரண்டிலும் ராணி பக்கத்துக் காயைக் கழிப்பதுதான் பழைய மரபு. அப்போது கழித்தவர் வெள்ளைக் காய் வைத்துக்கொள்வார். சிப்பாய் கழிக்கும்போது மட்டும் கழித்தவர் கறுப்பு. பிள்ளை தொடர்ந்து தோற்றால் ஒரு படி திரும்பக் கீழே இறங்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஒரு நோட்டில் தேதி போட்டு எந்தப் படியில் இருக்கிறோம் என்று எழுதிவையுங்கள். ஸ்கூல் ரேங்க் கார்டைவிட ஆர்வமாக அதைப் பிள்ளைகள் புரட்டுவார்கள்.

தாத்தாவுக்கு ஒரே நிபந்தனை: ஆட்டம் தொடங்கியபின் இரக்கம் கூடாது. ராணி சும்மா நின்றால் வெட்டியே ஆக வேண்டும். ஏற்கெனவே ஒரு காயைக் கொடுத்தாகிவிட்டது, இன்னொன்றும் கொடுத்தால் பழைய நாடகம்தான்.

பிள்ளைக்கு என்ன சொல்லித்தருவது? இங்கேதான் செஸ்ஸும் ஷோகியும் எதிர்த்திசையில் போகின்றன. செஸ்ஸில் வெட்டிய காய் திரும்பி வராது. எனவே, காய் அதிகம் இருப்பவர் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டே போக வேண்டும். 'என் பிஷப்பை எடு, உன் பிஷப்பைக் கொடு.' பத்துக்கு ஒன்பது என்று இருக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. எல்லாம் கழிந்து ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஆகும்போது தெரியும். தாத்தா இதற்கு நேர்மாறாக, மாற்றாமல் சிக்கலாக்கிக்கொண்டே போக வேண்டும். முஸியோ மாதிரி ஒரு தாக்குதலைக் கிளப்பினால் கழித்த குதிரை போதாதென்று இன்னொரு குதிரையும் போகும், ஆனால் பேத்தியின் ராஜா வேர்த்துப்போகும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் தாங்கி நின்று ஜெயித்த பிள்ளைக்கு, பாராட்டு தேவையே இல்லை.

ஷோகியில் மாற்றிக்கொண்டால் பலகை காலியாகாது. வெட்டுப்பட்ட காய் எதிராளியின் கையிலிருந்து மறுபடி குதிக்கும். அதனால்தான் அங்கே பிள்ளைக்குச் சொல்வது, மாற்றிக்கொண்டு காத்திரு என்பதில்லை. ஓட்டை இருக்கும் பக்கம் உடனே தாக்கு என்பதுதான்.

செஸ் தெரியாத பாட்டிகள் இதில் சேர முடியாதா என்றால், அவர்கள்தான் முதலில் சேர வேண்டியவர்கள். ஆடு புலி ஆட்டம் இருக்கிறதே! மூன்று புலி, பதினைந்து ஆடு. சமமில்லாத படைகள் என்பது இந்த ஆட்டத்தின் பிறவி குணம். ஆரம்ப உத்தி ஆட்டுக்காரருக்குத்தான் முக்கியம். புலி ஆட்டைத் தாண்டி வெட்டுவதற்குப் பின்னால் ஒரு காலிப் புள்ளி வேண்டும். எனவே முதல் ஆடுகளைத் தாண்ட இடமில்லாத ஓரப் புள்ளிகளில் வைக்க வேண்டும். பிறகு ஒன்றன் முதுகில் ஒன்று சாய்கிற மாதிரி உள்நோக்கி நெருக்க வேண்டும். அவசரப்பட்டு நடுவில் ஒற்றை ஆட்டை வைத்தால் புலிக்கு விருந்து. பதினைந்தையும் இறக்கி முடிக்கும் வரை எந்த ஆட்டையும் நகர்த்த முடியாது என்பதால், ஆரம்பத்தில் வைத்த தப்பு கடைசிவரை துரத்தும். நேபாளத்தில் இதன் உறவுக்கார ஆட்டம் 'பாக் சால்', நாலு புலி இருபது ஆடு. இருவரும் தப்பே செய்யாமல் ஆடினால் அது சமனில் முடியும் என்று கம்ப்யூட்டர் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். பார்ப்பதற்கு ஏற்றத்தாழ்வு, உள்ளே தராசு.

இதிலும் கழிக்கலாம். புதிதாக ஆடும் பிள்ளைக்குப் புலியைக் கொடுத்துவிட்டு, பாட்டி பதினான்கு ஆட்டோடு உட்காரட்டும். பிள்ளை தேறியதும் பதினைந்து. அப்புறம் பக்கம் மாறிக்கொள்ளலாம். சாக்பீஸில் கோடு, மூன்று கூழாங்கல், ஒரு பிடி புளியங்கொட்டை. அவ்வளவுதான் செலவு.

செஸ்ஸுக்கும் புது செட் வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ, ஒரு குதிரையோ யானையோ தொலைந்துபோன பழைய செட் கட்டாயம் கிடக்கும். 'காய் குறையுது' என்று தூக்கிப் போட்ட அதே டப்பாதான். தூசி தட்டி எடுங்கள். எந்தக் காய் இல்லையோ, அந்தப் பக்கம் தாத்தாவுக்கு.